சிவப்புக் கோட்டுக்காரி

நடைமேடையில் நின்ற பெண் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். சிவப்புக் கோட்டு போட்ட அந்தப் பொம்மையைப் பார்த்ததும் வெர்னா குனிந்து கண்ணைச் சுருக்கினாள்.

"எம்மெட், இங்க வாங்க. யாரு இவ?"

ஆல்டூனா ஊர் விடுதியின் பெரிய கூடத்தில் பொம்மை ரயில்காரர்களின் மாநாடு அப்போதுதான் களைகட்டிக்கொண்டிருந்தது. கோடுபோட்ட தொப்பிக் கிழவர்கள் ஆளுக்கொரு பலகையைச் சுமந்து வந்தார்கள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு துண்டு தண்டவாளம், ஒரு துண்டு ஊர். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பூட்டினால் கூடத்தைச் சுற்றி ஒரே ரயில் பாதை. ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடாது. வெர்னாவின் கணவர் ஹார்லன் மார்ச் மாதம் இறந்துவிட்டார். அவருடைய பலகையைச் சங்கத்துக்கே கொடுத்துவிடலாம் என்று அவள் கொண்டுவந்திருந்தாள். வேனில் ஏற்றி வந்தவர் ஹார்லனின் கூட்டாளி எம்மெட்.

எம்மெட் குனிந்து பார்த்தார். "யாராவது பிரயாணியா இருக்கும்."

"சும்மா ஒரு பிரயாணியா? அந்த முடிவெட்டுற கடை எங்க தெருக் கடை. அந்த நாய் எங்க பிஸ்கட். தொப்பையும் தொப்பியுமா நிக்கிறது அவரேதான். அவர் கையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிற இவ மட்டும் யாரோவா?"

"அப்ப நீங்கதான்."

"எனக்கு ஏதுய்யா சிவப்புக் கோட்டு? இந்தப் பச்சையை விட்டா வேற கோட்டே கிடையாதே!"

எம்மெட் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை, அதுதான் தொல்லை. "கல்யாணத்துக்கு முந்தி ஏதாவது பழைய கதை..." என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார். போச்சு.

வெர்னா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் ஹார்லனுக்குச் சட்டை, டை, காலுறை எல்லாம் அவள்தான் எடுத்து வைத்தாள். "நீயே பார்த்துக் குடு" என்பார். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சலித்துக்கொள்வாள். அந்த மனுஷர் கடைசிக் குளிர்காலத்தில், மூச்சு வாங்க வாங்க நிலவறையில் உட்கார்ந்து செய்த கடைசி வேலை இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? மார்ச்சிலிருந்து யாருக்காக அழுதோம் என்றே அவளுக்குப் புரியவில்லை.

"கொஞ்சம் காத்தாட வாங்க, எல்லாம் சரியாயிடும்" என்று எம்மெட் அவளைச் சுற்றுலாப் பேருந்தில் ஏற்றினார். மலையில் ரயில் வளைந்து திரும்பும் குதிரைலாட வளைவைப் பார்க்கப் போகும் பேருந்து. அதில் முன் சீட்டில் இருந்தவள் சிவப்புக் கோட்டு போட்டிருந்தாள்.

"நீங்க ஹார்லன் வீட்டம்மாதானே? நான் லுவெல்லா. அடடா, என்ன தங்கமான மனுஷர்! வருஷா வருஷம் எனக்கு இந்த சீட்டைப் புடிச்சு வெப்பார்!"

வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். எம்மெட் ஜன்னல் பக்கம் திரும்பி மரங்களை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

வளைவில் எல்லோரும் கம்பி வேலியோரம் நின்றார்கள். கீழேயிருந்து ஒரு சரக்கு ரயில் மலையே அதிர ஏறி வந்தது. இந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று வெர்னா லுவெல்லாவின் முழங்கையைப் பற்றி இழுத்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். லுவெல்லாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னது? என்னது?" என்றாள். வெர்னா இன்னும் குரலை உயர்த்தினாள். அந்த நேரம் பார்த்துக் கடைசிப் பெட்டி கடந்துபோனது.

"என் புருஷன் கையை எதுக்குடி புடிச்ச?"

மலை முழுக்க அமைதி. ஐம்பது ரயில் பைத்தியங்களும் முதல்முறையாக ரயிலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தக் கையை?" என்றார் லுவெல்லாவின் கணவர் பர்ட்.

"ஐயோ, உங்க முட்டி வலிக்காகத்தானே அவர் சீட்டு புடிச்சு வெச்சாரு!" பர்ட்டைப் பார்த்துச் சொன்ன லுவெல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெர்னா பக்கம் திரும்பினாள். "இந்தக் கோட்டு நேத்துதான் வாங்கினேன். பாருங்க, விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கல!"

"அது இருக்கட்டும், எந்தக் கையை?" என்று பர்ட் திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

அதற்குள் கூடத்தில் எல்லாப் பலகைகளையும் பூட்டி ரயிலை ஓட விட்டிருந்தார்கள். வந்ததும் வெர்னா நேராக ஹார்லனின் பலகையிடம் போனாள். கைப்பையிலிருந்து புருவம் பிடுங்கும் இடுக்கியை எடுத்தாள். அந்தச் சிறுக்கியை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டால் போதும், அவர் நிம்மதியாகத் தனியாக நிற்கட்டும். ஆனால் ஹார்லன் ஒட்டினால் ஒட்டினதுதான். பெண்ணோடு ஹார்லனும் வந்தார், ஹார்லனோடு நடைமேடையில் பாதி வந்தது, அது தண்டவாளத்தில் விழுந்தது. வந்த வண்டி அதில் மோதி, பெட்டி மேல் பெட்டி ஏறிக் கவிழ்ந்தது. கூடம் முழுக்க ரயில் நின்றது. கிழவர்கள் கைவிளக்கோடு ஓடி வந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றியேவிட்டார்.

"குப்பையில போடுங்க!" வெர்னா கத்தினாள். "இந்தப் பலகை யாருக்கும் வேணாம். எனக்கும் வேணாம். அவர் கடைசியா என்னைத்தான் நெனச்சிருப்பாருன்னு இருந்தேனே, படுபாவி!"

சொல்லிவிட்டு அங்கேயே, எல்லோர் முன்னாலும், வாய்விட்டு அழுதாள். எதிரில் நின்ற கிழவர்களுக்குக் கவிழ்ந்த ரயிலை நிமிர்த்தத் தெரியும், அழுகிறவளை என்ன செய்வதென்று தெரியாது.

எம்மெட்டுக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. கூடத்தின் மூலையில் வழக்கமாகக் குட்டிப் புட்டிகளில் சாயம் விற்கும் கிளைடை இழுத்து வந்தார்.

"வெர்னா, அழாதீங்க. உங்க கோட்டு நிறத்தையே இவளுக்குப் பூசிடுவோம். அப்புறம் இது நீங்கதான், தீர்ந்தது பிரச்சனை. கிளைட், அந்தப் பச்சையில ஒரு புட்டி எடு."

"பச்சை பூசினா பொய் உண்மையாயிடுமா?" என்றாள் வெர்னா.

கிளைட் பொம்மையை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு வெர்னாவின் கோட்டைப் பார்த்தார்.

"இதை எப்ப பூசினாரு?"

"போன குளிர்ல. நிலவறையில கெடந்த பழைய புட்டிங்களை வெச்சு."

"லேபிள் போன புட்டியை எல்லாம் என்கிட்ட கொண்டுவந்து கேட்டுட்டுத்தான் தொடுவாரு. போன வருஷ மாநாட்டுக்கு நான் வரல, கேக்க ஆளில்ல." கிளைட் புட்டியைத் திறக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். "பூசறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவர் பூசினது பச்சைக் கோட்டுதான். ஹார்லனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும், சிக்னல் தெரியாத ரயில்காரனான்னு இவங்க சிரிப்பாங்கன்னு பயந்து, யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."