ஹலோ அக்காவின் வெப்சைட்டில் பெட்டி கிடையாது

போன் மணி அடித்தால் உலகத்திலேயே வேகமாக எடுக்கிற வியாபாரிகள் எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில்தான் இருக்கிறார்கள். சோற்றுக் கையோடு எடுப்பார்கள். சலூன் நாற்காலியில் பாதி மீசையோடு எடுப்பார்கள். சொந்த மகளின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை மாப்பிள்ளையின் அப்பா கையில் திணித்துவிட்டுப் போனை எடுத்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் இதை வியாபார ஆர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆர்வமாவது மண்ணாவது, எல்லாம் ஹலோ அக்காமேல் இருந்த பயம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தமிழர்களுக்கு ஹலோ அக்கா, மலையாளிகளுக்கு ஹலோ சேச்சி. கம்பம் ஊர்க்காரர். படகுத்துறைக்குப் போகிற வழியில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில், மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, பஜாரின் சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுத்தார். நிமிர்ந்தால் படிக்கட்டு மண்டையில் இடிக்கும் என்பதால் எப்போதும் குனிந்தே நிற்பார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துவிடுவார்கள். முதல் நாள் நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

நான் மசாலாப் பொடிக் கடை வைத்திருக்கிறேன். வெப்சைட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். திரை முழுக்க மிளகு மழையாகக் கொட்ட வேண்டும். மழை விட்டதும் மேகத்தை விலக்கிக்கொண்டு, மாலை போட்ட என் அப்பாவின் படம் வர வேண்டும். நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கியதை அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி, உங்க கடையத் தேடி வர்றவன் எதுக்கு வருவான்?"

"பொடி வாங்க."

"மழை விடுற வரைக்கும் அவன் எங்க ஒதுங்கி நிப்பான்?"

அத்தோடு மிளகு மழை நின்றது. அப்பாவும் போனார். கடைசியில் எனக்குக் கிடைத்த வெப்சைட்டில் மேலே கடையின் போன் நம்பர் சுவர் விளம்பரம் மாதிரி கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே என்ன பொடி, என்ன விலை, கடை எங்கே, எப்போது திறக்கும், எப்போது மூடும். படம் ஒன்றே ஒன்று. கடையின் முகப்பு, அதை முக்கால்வாசி மறைத்தபடி ஓர் அரிசி லாரி. லாரியையாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். லாரி தினமும் அங்கேதானே நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் வருகிறவன் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பான் என்று கேட்டுவிட்டார்.

செய்து முடித்ததை உடனே கொடுத்துவிடவும் மாட்டார். சாயா டெஸ்ட் என்று ஒன்று வைத்திருந்தார். எதிர்ச் சாயாக்கடையில் நிற்கும் மூட்டை தூக்குகிற தொழிலாளி யாரையாவது பிடித்து, ஒரு கையில் சூடான சாயாவும் இன்னொரு கையில் போனும் கொடுப்பார். சாயா ஆறுவதற்குள் அவர் வெப்சைட்டைத் திறந்து நம்பரைக் கண்டுபிடித்துக் கடைக்குக் கூப்பிட்டுவிட வேண்டும். அந்த மனிதர்களோ கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகியவர்கள். வாங்கிய மாத்திரத்தில் விழுங்கிவிட்டு, வெப்சைட் தோற்றுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். என்னுடையது தேறுவதற்குள் ஒருவருக்கு வயிறு உப்பிவிட்டது.

வெப்சைட் கைக்கு வந்துவிட்டது, இனிமேல் நிம்மதி என்று நினைத்தால் அதுதான் முட்டாள்தனம். அதற்குப் பிறகுதான் போன் வரும். ஒரு நாள் துபாய் ஷேக்கின் மேனேஜர் பேசுவார். ஒரு நாள் காது கேட்காத பாட்டி ஐம்பது கிராம் கடுகு கேட்பார். ஒரு நாள் இந்தி. எல்லார் பேச்சிலும் கம்பத்துத் தமிழ் வாடை அடிக்கும். போனை எடுக்கிறோமா என்று சோதிக்கிற அக்காதான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் யாருக்கும் சொல்லத் துணிச்சல் கிடையாது. பவ்வியமாக ஷேக்குக்கு விலை சொல்லி, பாட்டியிடம் உடம்பை விசாரித்து வைப்போம்.

துணிந்தவர் அரிசி மண்டி சேட்டன் ஒருவர்தான். ஒரு நாள் துபாயிலிருந்து கனத்த குரலில் ஒருவர் பேச, சேட்டன் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் சிரித்துக்கொண்டே, "சேச்சி, நிங்கள்தான்னு எனக்கு அறியாம். சாயா குடிச்சோ?" என்று கேட்டுவிட்டார். பேசியது நிஜமாகவே துபாய்க்காரர். அன்றிலிருந்து சேட்டன் வங்கிக் கடன் விற்கிறவர்களிடம்கூட அரை மணி நேரம் அன்பாகப் பேச ஆரம்பித்தார். அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்து, ஒரு வாரம் கடையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அதே சேட்டன் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு மூட்டைமேல் தூங்கிவிட்டார். அக்கா கூப்பிட்டிருக்கிறார், எடுக்கவில்லை. சாயங்காலம் அவருடைய வெப்சைட்டின் உச்சியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி முளைத்திருந்தது: 'மதியம் முதலாளி தூங்குவார். அவசரமானால் நேரில் வந்து எழுப்பவும்.' சேட்டன் குதித்துக்கொண்டு ஓடி வந்தார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். இதில் எது பொய் என்று அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். சேட்டன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த வரி இன்னமும் இருக்கிறது. ஆட்கள் வந்து எழுப்பவும் செய்கிறார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, நான் பெட்டி கேட்கிற வரைக்கும்.

எல்லார் வெப்சைட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறதல்லவா? பெயர், போன் நம்பர், உங்கள் செய்தி என்று எழுதி அனுப்புகிற பெட்டி. எனக்கும் அது வேண்டும் என்றேன். 'விரைவில் தொடர்புகொள்வோம்' என்று அழகாக ஒரு வரியும் போட்டுவிடலாம் என்றேன். அக்கா சட்டென்று எழுந்தார். படிக்கட்டில் தலை இடித்தது. அதைத் தடவக்கூட இல்லை.

"பொட்டி மட்டும் நான் வைக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடை என்னுடையது, வெப்சைட் என்னுடையது, ஒரு பெட்டி வைக்க எனக்கு உரிமை இல்லையா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடி வந்து என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். சாயாக்கடை ஓரத்தில் நிறுத்திவைத்து, பஜாரில் ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயத்தை எனக்குச் சொன்னார்.

அக்காவின் கணவர் கொத்தனார். கலூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. ஒரு நாள் காலையில் சாரம் சரிந்து விழுந்துவிட்டார். கூட வேலை செய்த ஒருவர் அக்காவுக்குப் போன் செய்து, கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்கும் தெரியவில்லை. கணவரின் போன் வேலை செய்யவில்லை. மேஸ்திரி எடுக்கவில்லை. அக்கா அப்போது இதே ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தார். கட்டடக் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்தார். பாட்டு வந்தது. நீச்சல் குளம் வந்தது, அதில் ஒரு குழந்தை குதித்தது. எல்லாம் ஓடி முடிந்து, அடியில் எங்கேயோ பொடி எழுத்தில் இருந்த நம்பரைக் கூப்பிட்டால் அது அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது.

'என் வீட்டுக்காரர் உங்கள் கட்டடத்திலிருந்து விழுந்துவிட்டார். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்' என்று எழுதி, பெயரும் நம்பரும் போட்டு அனுப்பினார். எங்கள் பிரதிநிதி விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார், நன்றி என்று திரையில் வந்தது.

அக்கா அதை நம்பிவிட்டார். ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகப் போய்த் தேடலாம் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் வண்டியை எடுத்தும் அவர் ஏறவில்லை. இப்போது கூப்பிடுவார்கள், ரோட்டுச் சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்று போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மேஸ்திரி கூப்பிட்டார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மத்தியானம் வரைக்கும் கணவருக்கு நினைவு இருந்ததாம். வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேடத்துக்கு இரண்டு பெட்ரூம் வீடு வேண்டுமா, மூன்று பெட்ரூமா என்று கேட்டார்கள்.

வாங்கிய சாயாவை அப்படியே வைத்துவிட்டேன். திரும்பிப் போய்ப் படிக்கட்டு ஓரத்தில் நின்றுகொண்டு, பெட்டி வேண்டாம் அக்கா என்றேன். அவர் நிமிராமலேயே சரி என்றார்.

அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வீடு விற்கிற அந்தப் போன் இன்னும் வந்துகொண்டிருந்தது. பெட்டியில் யார் பெயர் விழுந்தாலும் அவர் வீடு வாங்க வந்தவர்தான் என்று ஒரு பட்டியலில் ஏறிவிடும் போலிருக்கிறது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கேள்வி மட்டும் மாறவில்லை. அக்கா ஒவ்வொரு தடவையும் எடுப்பார். இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார். இப்ப வேண்டாம்மா என்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார், வைத்துவிடுவார். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அந்த நம்பரைத் தடுத்துவிட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"மொத ஆளுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன் தம்பி. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே வச்சுட்டான். அப்புறம் யார்கிட்டயும் சொல்றதில்ல. நான் எழுதுனது அங்கதான கெடக்கு? ஒருத்தராவது அதப் படிச்சுட்டுக் கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கு."

படித்து இனிமேல் என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. போகிற உயிர் போய்விட்டது. ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட கேள்வியை அந்தப் பெரிய கம்பெனியில் ஒரு மனிதர்கூடக் காதில் வாங்கவில்லை என்பதை அக்காவால் ஜீரணிக்க முடியவில்லை. பஜார் முழுக்க மணியடித்து மணியடித்து எங்களை விரட்டியதெல்லாம் அதனால்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசு சரியில்லை.

போன மழைக்காலத்தில் ரசப்பொடியைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லப் போயிருந்தேன். விலையைப் பெரிதாகப் போடுவதா, பொடியின் பெயரைப் பெரிதாகப் போடுவதா என்று எங்களுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரைத் தட்டினார். சின்னப் பெண்ணின் குரல், மலையாளத்தில். அந்தக் கட்டடக் கம்பெனியின் பெயரைச் சொல்லி, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். நான் சலித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அக்கா வழக்கம்போல, இப்ப வேண்டாம் மோளே என்று மகளைக் கூப்பிடுவதுபோல ஆரம்பித்தார்.

அந்தப் பெண் குறுக்கிட்டு, வீடு விற்கக் கூப்பிடவில்லை என்றாள். பழைய பெயர்களைப் பார்த்துக்கொண்டு வந்தாளாம். சேச்சி பெயருக்குக் கீழே எழுதியிருந்ததை இப்போதுதான் படித்தாளாம்.

"சேச்சீ... ஆளைக் கிட்டியோ?"

ஆள் கிடைத்தாரா என்று கேட்கிறாள். அக்காவின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டன. கடையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை நிறுத்தினார்.

"கிட்டி, மோளே," என்றார் அக்கா. "கொறச்சு வைகிப்போயி."

கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். இவ்வளவு நடந்ததற்கு அவர் சொன்னது அவ்வளவுதான். அந்தப் பெண் போனை வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, வீட்டுக்காரருடைய பெயர் என்ன என்று கேட்டாள். சின்னச்சாமி என்றார் அக்கா. அந்தப் பெயரை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். அந்தப் பெண் மலையாள நாக்கில் அதை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பஜாரையே நடுங்க வைத்த மனுஷி, படிக்கட்டுக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்து விசும்பினார்.

போன் மறுபடி அடித்தது. முதல் மணி போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அக்கா கை நீட்டவில்லை. எத்தனையோ வருஷத்தில் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. குனிந்து, தலையை இடித்துக்கொண்டு, நான் எடுத்தேன். யாரோ ஒரு பூக்கடைக்காரர். தன் கடைக்கும் ஒரு வெப்சைட் வேண்டும், அக்கா இருக்கிறாரா என்று கேட்டார்.

"இங்கதான் இருக்காங்க. இப்ப அழுதுக்கிட்டு இருக்காங்க," என்றேன். "அழுது முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் இருக்கேன், சொல்லுங்க."