பத்திரமாக வந்து சேர்ந்தோர் நலச்சங்கம்

மலைச்சாலையில் ட்ரெய்லர் இழுத்துப் போகும் பொதுமக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்று எங்கள் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு நாள் கருணை பிறந்தது. பிறந்த கருணைக்குத் தொட்டில் வேண்டுமே! ஆகவே ஓர் அலுவலகம் திறந்தார்கள். 'இழுவை ஊர்திகளுக்கான பாதுகாப்பு வழித்தடத் திட்ட அலுவலகம்' என்று பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். 'அலுவலகம்' என்ற கடைசிச் சொல்லைப் படிக்க வேண்டுமானால் மூலை திரும்பிப் பக்கத்துச் சந்துக்குள் போக வேண்டும்.

நாங்கள் வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்திருக்கும் சாதி. ராக்கி மலையின் கிழக்குச் சரிவில், பிரிம்லி என்ற ஊரில், ட்ரெய்லர்களை வரிசையாக நிறுத்திக் குடியிருந்தோம். நிலத்துக்காரன் நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டான். அங்கே 'எளிய வாழ்வு முகாம்' வரப்போகிறதாம். நகரத்துச் சீமான்கள் வாரக்கடைசியில் வந்து சின்னஞ்சிறு வீட்டில் எளிமையாக வாழ்ந்து பார்ப்பார்களாம். எங்கள் வீடுகளும் சின்னஞ்சிறு வீடுகள்தான். ஆனால் நாங்கள் காசில்லாமல் எளிமையாக இருந்தோம். அது நாகரிகத்தில் சேராது. முதல் பனி விழுவதற்குள் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

சுரங்கம் ஓடிய நாளிலிருந்து துண்டறிக்கை போட்டுப் போராடி வருபவன் நான். இதற்கும் ஒன்று போட்டேன். ஒரு பக்கம்தான் அச்சடித்திருந்தேன். மறுபக்கம் வெள்ளையாக இருப்பதைக் கண்ட கம்பெனிக்காரர்கள், அதிலேயே காலி செய்ய வேண்டிய தேதியை எழுதி எங்கள் கதவுகளில் ஒட்டினார்கள். முதலாளித்துவம் எதையும் வீணாக்காது.

என் பக்கத்து ட்ரெய்லர் லார்னா டக்ஸ்பரியுடையது. ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை பார்த்தவள். அவளுக்கு அந்த வண்டிதான் வீடு, அதுதான் சொத்து, அதுதான் புருஷன். மலைக்கு மேற்கே, ஹாலிட் கணவாய்க்கு அப்பால், லோயர் ஆஷ் என்ற பள்ளத்தாக்கு ஊரில் வண்டியை நிறுத்திக் குடியிருக்க அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. மொத்த ஊரிலும் மிச்சமிருந்த ஒரே இடம். அங்கே குடியிருப்பை மேய்க்கும் திருமதி க்ரல் போனில் சொன்னாள்:

"இந்தா பாரு லார்னா, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் இடத்தைப் பிடிச்சு வெப்பேன். அப்புறம் வேற ஆளுக்குப் போயிடும். வரும்போது பாதுகாப்பு வழித்தடத்துல வந்து சேர்ந்தேன்னு சான்றிதழ் கொண்டா. அது இல்லேன்னா இன்சூரன்ஸ்காரன் என் கழுத்துல கத்தி வெப்பான்."

ஆக, பனிக்கும் லார்னாவுக்கும் நடுவில் நின்றது ஒரு காகிதம். அதை வாங்க நானும் அவளும் மேற்படி அலுவலகத்துக்குப் போனோம்.

இயக்குநர் பிரெஸ்டன் வாண்டர்மோலன் எங்களை வரவேற்றார். பாறை ஏறுகிறவர்கள் போடும் பூட்ஸ், இடுப்பில் கயிறு, கயிற்றில் நாலைந்து இரும்புக் கொக்கிகள். அலுவலகம் தரைத்தளத்தில்தான் இருந்தது. இருந்தாலும் இப்போது உத்தியோகஸ்தர்கள் எல்லோருக்கும் இந்த உடுப்புதான் மோஸ்தர். நாற்காலியில் உட்காரும்போது கொக்கிகள் கணகணவென்று ஒலித்தன. கோயில் மாடு உட்கார்ந்தது போல இருந்தது.

"மேடம், எந்த ரோட்ல போறதா உத்தேசம்?" என்று கேட்டார்.

"மலை மேல இருக்கறது ஒரே ரோடுதானே சார்? அதுலதான்."

"அப்படி உணர்ச்சிவசப்படக் கூடாது. நாங்க புள்ளிவிவரத்தைத்தான் பாப்போம்." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "இது நெடுஞ்சாலை. வருஷா வருஷம் இதுல விபத்து. வேண்டாம். இது பழைய சுரங்கப் பாதை. கல்லு உருளுது. வேண்டாம். இப்போ மூணாவதைப் பாருங்க. போட்ட நாள்லேர்ந்து ஒரு உயிர்ச்சேதம் கிடையாது. உள்ள போன வண்டி ஒண்ணு விடாம பத்திரமா நின்னிருக்கு. மாவட்டத்துலயே இவ்வளவு பாதுகாப்பான பாதை வேற இல்ல. எங்க நிபுணர் குழு இதைத்தான் சிபாரிசு பண்ணுது."

நான் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தேன். ஹாலிட் கணவாயில் மேற்கே இறங்கும்போது, பாதி வழியில் வலது பக்கம் ஒரு சரளைமேடு உண்டு. இறக்கத்தில் பிரேக் எரிந்துபோன லாரி தறிகெட்டு ஓடினால், டிரைவர் அதற்குள் வண்டியைத் திருப்பிவிடுவான். மேடு வேகத்தை வாங்கும், ஆழமான சரளை சக்கரத்தை விழுங்கும், வண்டி நிற்கும், டிரைவர் பிழைப்பான். அதைத்தான் நிபுணர் குழு கண்டுபிடித்திருந்தது.

"சார், இது ரோடே இல்ல. பிரேக் போன லாரி வந்து பாயற சரளைமேடு."

"பிரேக் போன லாரிக்கே அவ்வளவு பாதுகாப்புன்னா, பிரேக் இருக்கற வண்டிக்கு எவ்வளவு பாதுகாப்பா இருக்கும்? யோசிச்சுப் பாருங்க பெரியவரே."

"அது எங்கயும் போகாதேய்யா!" என்றாள் லார்னா.

"எங்கயும் போகாத பாதையிலதான் மேடம் விபத்து நடக்காது."

"அப்ப லோயர் ஆஷுக்கு நான் எப்படிப் போறது?"

"போறது வர்றதெல்லாம் போக்குவரத்துத் துறை. நாங்க பாதுகாப்பு."

நான் மேசையைக் குத்தினேன். உழைக்கும் மக்களின் பொறுமைக்கும் எல்லை உண்டு என்று ஆரம்பித்து, இந்த மலையைக் குடைந்தவர்கள் யார், அதில் ரோடு போட்டவர்கள் யார் என்று வரிசையாகக் கேட்டேன். வாண்டர்மோலன் மிக மரியாதையாகக் கேட்டுவிட்டு, 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது' என்று தட்டச்சு செய்துகொண்டார். சட்டப்படி அப்படி ஒரு கூட்டம் பாக்கி இருந்ததாம். என் குத்தில் அது தீர்ந்தது.

வெளியே வந்து லார்னா யோசித்தாள். "யோவ் எமெட், சான்றிதழ் எங்க குடுப்பாங்களாம்?"

"பாதையோட முடிவுல. சரளைமேட்டு உச்சியில."

"சரி. உள்ள போவேன், காகிதத்தை வாங்குவேன், மீட்பு வண்டியைக் கூப்பிட்டு வெளிய இழுக்கச் சொல்லுவேன், லோயர் ஆஷுக்குப் போயிடுவேன். மடையன் போட்ட வேலிய தாண்டித்தானே ஆகணும்?"

அதில் தப்பிருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. என் ட்ரெய்லரையும் என் பிக்கப் வண்டியில் பூட்டிக்கொண்டு அவள் பின்னால் கிளம்பினேன். எனக்கு எந்த ஊரிலும் இடமில்லை. போராட்டக்காரனுக்கு வழிதான் முக்கியம்.

கணவாய் ஏற்றத்தில் பெருமூச்சு விட்டபடி ஏறினோம். இறக்கத்தில் கியரைக் குறைத்து, இஞ்சினைப் பிடித்து வைத்து, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கினாள் லார்னா. சரளைமேட்டு வாயிலில் கொடியோடு ஒருவன் நின்றான். வெண்டல் பைக் என்பது அவன் பெயர். முன்பு எங்கள் பிரிம்லியில் பன் சுட்டு விற்றவன். இப்போது அரசாங்க ஊழியன். எங்களுக்கு இடது கைப்பக்கம் நெடுஞ்சாலை வெறிச்சென்று, வழவழவென்று, வளைந்து வளைந்து இறங்கியது. அடிவாரத்தில் லோயர் ஆஷின் புகைபோக்கிகள் தெரிந்தன.

லார்னா கண்ணாடியை இறக்கினாள். "அடேய் வெண்டல், அதோ தெரியுதே, அதான்டா நான் போக வேண்டிய ஊரு."

"தெரியுதுக்கா. தெரியற ஊருக்கெல்லாம் போயிட முடியுமா?" என்று கொடியை வலது பக்கம் காட்டினான். "இப்படி வாங்க. மெதுவா வாங்க. சரளைக்குள்ள யாரும் வேகமா வந்து அடிபட்டுடக் கூடாது."

அவள் திருப்பினாள். முதலில் அவள் பிக்கப் சரளையில் புதைந்தது, பிறகு ட்ரெய்லர் அச்சு வரைக்கும் புதைந்தது. பின்னால் என்னுடையது. வெண்டல் சரளையில் தடுமாறி ஏறி வந்து, ஆளுக்கொரு பன்னும் சான்றிதழும் கொடுத்தான். 'மேற்படி நபர் சேர வேண்டிய இடத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தார்.' கீழே கழுகு போட்ட முத்திரை.

லார்னா அதை முத்தமிட்டு மார்பில் செருகிக்கொண்டு மீட்பு வண்டிக்குப் போன் போட்டாள். அதுவும் வந்தது. ஆனால் இழுக்கிற வண்டி எதுவானாலும் அது இழுவை ஊர்தி. இழுவை ஊர்திக்கு அனுமதிக்கப்பட்ட வழித்தடம் ஒன்றுதான். வெண்டல் கொடியை ஆட்டினான். மீட்பு வண்டி நேராகச் சரளைக்குள் வந்து எங்கள் பின்னால் புதைந்தது. அதை மீட்க அடுத்த வண்டி வந்தது. அதுவும் சட்டத்தை மதிக்கிற வண்டி.

இதற்கிடையில் பிரிம்லியில் காலி செய்யப்பட்ட எங்கள் சனம் ஒவ்வொருவராக, பாதுகாப்பாக, வந்து சேர்ந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன்பே லார்னா திருமதி க்ரலைக் கூப்பிட்டாள்.

"சான்றிதழ் கையில இருக்குக்கா. இழுத்து விட மட்டும் ஆள் வரணும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

"என்ன எழுதியிருக்கு, படி."

"'சேர வேண்டிய இடத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தார்.'"

"அப்போ நீ சேர வேண்டிய இடத்துக்குச் சேந்துட்டே. அப்புறம் இங்க எதுக்கு வரே?"

"அக்கா, நான் நடுமலையில சரளைக்குள்ள கெடக்கேன்!"

"கெடக்கறேன்னு அதுல எழுதலையேம்மா. சேர்ந்தேன்னுல்ல எழுதியிருக்கு. ஒருத்தி ரெண்டு எடத்துல சேந்தா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான். ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நல்லா இரு."

லார்னா போனை மடியில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சான்றிதழை எடுத்துப் பார்த்தாள், மறுபடி உள்ளே வைத்தாள். "வீடு இருக்கு, வெக்க எடமில்லேன்னு அலைஞ்சேன் எமெட். இப்ப எடத்துக்குள்ளயே வீடு பொதைஞ்சு போச்சு," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. துண்டறிக்கை எழுதத்தான் தெரியும். எழுதினேன். இந்த முறை இரண்டு பக்கமும்.

'எங்களைக் கீழே இறக்கு!' என்பது முழக்கம். மலை எதிரொலித்தது. மூன்றாம் முழக்கத்துக்கே வாண்டர்மோலன் கணகணவென்று வந்து சேர்ந்தார், படம் பிடிக்கிறவர்கள் சூழ. நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் விபத்தே இல்லையாம். மாநிலத்திலேயே எங்கள் மாவட்டம்தான் முதலாம். விருது வந்திருக்கிறதாம்.

"நெடுஞ்சாலையில ட்ரெய்லரே இல்லையேய்யா!" என்று கத்தினேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன் பெரியவரே. இது நம்ம கூட்டு வெற்றி." என் கையைக் குலுக்கினார். அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது.

"எங்களை இறக்கி விடுங்க சார்," என்றாள் லார்னா.

"வந்து சேராதவங்களுக்குத்தான் மேடம் வழித்தடம் வகுக்க முடியும். வந்து சேர்ந்தவங்களுக்கு நாங்க குடுக்கக் கூடியது ஒண்ணே ஒண்ணு. முகவரி." அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சரளைமேடு, மேல்வரிசை, முதல் வீடு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வரலாற்றின் முரண் என்பேன். பனி விழுந்தது. சரளையில் தண்ணீர் தேங்கவில்லை, சேறில்லை. எளிமையாக வாழ்ந்து பார்க்கப் பிரிம்லிக்கு வந்த நகரத்துச் சீமான்கள் எங்களைக் கேள்விப்பட்டு ஏறி வந்தார்கள். பாதி புதைந்த வீட்டில் வாழ்வதுதான் உண்மையான எளிமை என்று ஒரு சீமாட்டி சொல்ல, அது மோஸ்தராகிவிட்டது. புத்தம்புது ட்ரெய்லர் வாங்கி, காசு கொடுத்துப் புதைத்துத் தரும்படி மீட்பு வண்டிக்காரர்களைக் கேட்டார்கள். அவர்களும் வெளியே இழுக்கிற தொழிலை விட்டு உள்ளே இறக்குகிற தொழிலுக்கு மாறினார்கள். லார்னா வாசலில் வெள்ளைக் கல் பதித்து வேலி போட்டாள். யாராவது சரளையை மிதித்துக் கலைத்தால் துடைப்பத்தோடு வந்தாள்.

இடம் நெருங்க ஆரம்பித்ததும் சங்கம் தேவைப்பட்டது. 'பத்திரமாக வந்து சேர்ந்தோர் நலச்சங்கம்' அமைத்தோம். அனுபவம் கருதி என்னைத் தலைவனாக்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், முதல் பொதுக்கூட்டம் கூடியது. முதல் தீர்மானத்தை லார்னா முன்மொழிந்தாள்: சங்க உறுப்பினர் அல்லாத எந்த வண்டியும் சரளைமேட்டுக்குள் நுழையக் கூடாது.

வெண்டல் எழுந்தான். அவனும் உச்சியில் ஒரு ட்ரெய்லர் போட்டிருந்தான். "அக்கா, பிரேக் போன லாரி ஏதாவது வந்தா?"

"வந்தா? என் வாசல்ல வந்து பாயுமா? நான் வரிசையில நின்னு, காகிதம் வாங்கி, முறையா வந்தவ. பிரேக் போனா எங்க வேணா பூந்துடலாமா? ஊருல சட்டம்னு ஒண்ணு இல்ல?"

கைதட்டல். அந்தக் கைதட்டல் அடங்கும்போதுதான் மேலே கணவாயிலிருந்து ஒரு ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக. காற்றில் எரிந்த பிரேக் வாசனை வந்தது. சிலர் எழுந்தார்கள். கூட்டத்தின் நடுவில் எழுந்து போவது சங்க ஒழுங்குக்கு விரோதம் என்று நான் நினைவூட்டினேன். உட்கார்ந்தார்கள்.

ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். லார்னாவின் கைதான் முதலில் போனது. பிறகு எல்லாக் கைகளும். எதிர்ப்பவர்கள் உண்டா என்று முறைப்படி கேட்டேன்.

மேலேயிருந்து ஹார்ன் மட்டும் விடாமல் எதிர்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஓட்டுரிமை இல்லை.