நூதனசாலையில் கடித்த கோப்பிக் கொட்டை

கண்டி,
வெகுதானிய வருடம் வைகாசி 2ஆம் நாள், செவ்வாய்க்கிழமை
(1878 மே 14), காலை ஒன்பதே கால் மணி.

வத்தேகமையில் இருக்கும் என் மைத்துனர் ராஜலிங்கம் அவர்களுக்கு வீரசிங்கம் எழுதிக்கொண்டது. இவ்விடம் என் மனைவி வடிவம்மாவும் பசுவும் நலம். அவ்விடம் தங்கள் சுகத்தையும் என் தங்கையின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். என் நலத்தைக் குறித்து மட்டும் உறுதியாக எழுத இயலவில்லை. நான் நஞ்சு உண்டுவிட்டேன்.

வேண்டுமென்று உண்ணவில்லை. கடந்த சனிக்கிழமை, மே 11ஆம் தேதி, நீர்கொழும்பு வாய்க்கால் கரையில், பழைய ஒல்லாந்தர் சரக்குக் கிட்டங்கி ஒன்றில், வேலையிலிருந்து விலகிய துரையொருவர் தம் ஆர்வத்தால் நடத்தும் நூதனசாலைக்குப் போயிருந்தேன். அப்பகுதியின் சரித்திரமெல்லாம் அங்கே இருக்கிறது. திமிங்கில எலும்பையும் ஒல்லாந்தர் தராசையும் வரிசை தவறாமல் பார்வையிட்டு, நங்கூரத்துக்கு ஆண்டு எழுதாததைக் காவலர் முனாப்பிடம் முறையிட்டு, மூன்றாம் அறைக்குள் நுழைந்தேன். அங்கே மூடியில்லாத மரத்தட்டில் கோப்பிக் கொட்டை குவித்திருந்தது. ‘கண்டிச் சீமைக் கோப்பி, 1841ஆம் ஆண்டு அறுவடை’ என்று அட்டை. நான் கோப்பிக் கிட்டங்கியில் தரம் பார்க்கச் சேர்ந்தது 1839 மார்ச் 4. விலகியது 1876 டிசம்பர் 30. இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டு, ஒன்பது மாதம், இருபத்தாறு நாளும் கொட்டையைப் பல்லால் கடித்தே தரம் சொன்னவன் நான். நன்றாகக் காய்ந்தது சடக்கென்று உடையும். காயாததில் பல் பதியும். பழக்கதோஷத்தால் இரண்டைக் கடித்தேன். பல் பதிந்தது. உடனே எனக்கு 1841 கார்த்திகை மழை நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு களத்தில் ஒரு கொட்டையும் ஒழுங்காகக் காயவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு இதை விளக்கிவிட்டு, வந்தோர் கையெழுத்துப் புத்தகத்தில், ‘கடித்துப் பார்த்தேன், 1841ஆம் ஆண்டுக் கொட்டையே, ஐயமில்லை’ என்று மையால் எழுதி, விலாசமும் தேதியும் இட்டேன்.

அதன் பிறகுதான் முனாப் ஓடி வந்தார். “என்ன பெரியவரே, கடிச்சீங்களா? அல்லாவே! துப்புங்க, துப்புங்க! அது எலி மருந்து போட்டதல்லோ!”

துப்ப என்ன இருக்கிறது? எல்லாம் உள்ளே போய்விட்டது.

திரும்பும்போது வாய்க்கால் படகில் தலை சுற்றியது. “படகு ஆடினா தலை சுத்தத்தானே செய்யும் ஐயா” என்றான் படகோட்டி. அவனுக்கு வைத்தியம் தெரியுமா? ரயில் கடுகண்ணாவை மலை ஏறும்வரை கைக்கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நாக்கு வெள்ளை, திங்கட்கிழமை கொஞ்சம் மஞ்சள், இன்றைக்கு என்ன நிறமென்றே சொல்ல முடியலை. வைத்தியர் நாடி பார்த்து, “ஒங்களுக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போங்க” என்கிறார். ஒண்ணுமில்லாதவனை எதுக்கு அப்படி அவசரமா அனுப்பணும், சொல்லுங்க? வடிவம்மாவிடம் சொன்னால், “அஞ்சு தோசையத் தின்னுட்டு சாகப்போறேன்னு ஒக்காந்திருக்காரு! சாகுறதுன்னா சட்டினி அரைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்கிறாள்.

ஆகவே தாங்கள் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வர வேண்டும். நான் பிறந்தது 1811 ஆவணி 9. தங்கை 1812 என்று சாதிப்பாள். இழவோலையில் அதை ஏற்றிவிடாதீர்கள். கடைசிக் காரியத்திலாவது ஆண்டு பிழையாக இருக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, இருக்கும்வரை, என் ஆசி.

இங்ஙனம்,
வீரசிங்கம்

பி.கு.: உறை ஒட்டும் வேளையில் முனாப்பின் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: “பெரியவருக்கு சலாம். பயப்படாதீங்க. அன்னைக்குப் பதட்டத்துல மறந்துட்டேன், மருந்து போட்டது பழைய கொட்டைக்கு. அத எலி தின்னு மூணு வருஷமாச்சு. நீங்க கடிச்சது போன மாசம் நான் கடைத்தெருவுல வாங்கிக் கொட்டினது. தொரைக்குத் தெரியாது, சொல்லிப்போடாதீங்க. நீங்க எழுதினதப் படிச்சிட்டு தொரைக்கு ஒரே சந்தோசம். அந்தத் தாளச் சட்டம் போட்டு, ஒங்க பேரோட தட்டுக்கு மேல மாட்டிட்டாரு.”

ஆகவே தாங்கள் வத்தேகமையிலிருந்து வர வேண்டியதில்லை. நேரே நீர்கொழும்புக்குப் போய் அந்தச் சட்டத்தை எப்படியாவது கழற்றிவிடுங்கள். நாக்கு இப்போது சாதாரண நிறத்தில்தான் இருக்கிறது. நஞ்சாகவே இருந்திருக்கக் கூடாதா?