நாளை எந்தப் பக்கம்?

"இது என்ன?" என்று அட்டையைக் காட்டிக் கேட்டதற்கு, "இமில்லா" என்று நைதா சொன்னதுதான் முதல் தப்பு.

அட்டையில் இருந்தது உருளைக்கிழங்கு. விடைத்தாளிலும் உருளைக்கிழங்கு. அதில் இமில்லா என்றொரு ரகம் உண்டு என்பது விடைத்தாளுக்குத் தெரியாது.

அடுத்தது ஒரு லாமா, சுமை தூக்கும் கழுத்து நீண்ட மலை ஒட்டகம். "இதில் என்ன குறையுது?"

"காதுல கட்டுற சிவப்புக் குஞ்சம்."

குறைந்தது வால். ஆறு வயதுக்குள் இரண்டு முட்டை.

லா பாஸ் நகரத்திலிருந்து வந்து குடியேறி, பள்ளிக்கூடத்தில் இந்தச் சோதனையை நடத்திய டாக்டரம்மா ரொமினா, நைதாவின் அப்பாவை, மினிபஸ் ஓட்டும் இலாரியோனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பன்னிரண்டு மார்க் எடுக்கணும் சார். உங்க பொண்ணு நாலு. என் பையனும் இதே வகுப்புதான், பத்தே நிமிஷத்துல முடிச்சான். இவளைப் பின்பக்க ஸ்டோர் ரூமுக்கு மாத்துறோம். சிறப்பு வகுப்பு. மணி கோக்கலாம்."

"படிப்பு?"

"மணி கோக்குறதும் படிப்புதான்."

மினிபஸ் கண்ணாடியில் மாட்டிய ஊர்ப் பெயர்களை நைதா அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். பாதி ஊர் தாண்டிவிட்டாள். மீதியை மணியில் கோக்க வேண்டும் போல.

"செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனை. வெளிய மூச்சு விடாதீங்க. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா குழந்தைக்குத்தான் அவமானம்."

இலாரியோன் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டு மகளைத் தயார்செய்தான். "ரகம் பேசாதே. குஞ்சம் பேசாதே. ஒரு வார்த்தை, அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மகளோடு பின்கேட் வழியாக நுழைந்தான். அங்கே மச்சான் ஃபெர்மின், தன் பையனையும் ஒரு ஸ்பானரையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன மச்சான் இங்க?"

"டாய்லெட் குழாய் ஒழுகுதாம். நீ?"

"நானும் குழாய்க்குத்தான்."

பின்னால் இன்னும் நாலு அப்பாக்கள், நாலு ஸ்பானர்கள். அந்த அளவுக்கு ஒழுகும் பள்ளிக்கூடத்தை இலாரியோன் பார்த்ததில்லை.

உள்ளே, நைதாவின் முறை கடைசியாக வந்தது; டாக்டரம்மா அட்டைக்கட்டைப் பிரிக்கும் முன்பே ஒப்பித்தாள். "உருளைக்கிழங்கு. வால்."

டாக்டரம்மா எழுதினார்: 'கேள்வியைக் கேட்கும் பொறுமை இல்லை.'

"சரி, புதுசா ஒண்ணு. நாளைக்குங்கிறது எந்தப் பக்கம்? கை காட்டு."

நைதா தோளுக்கு மேலே கட்டைவிரலைத் தூக்கி முதுகுப்பக்கம் காட்டினாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். சுவர் இருந்தது. முட்டை போட்டார்.

"சரியாத்தானே காட்டுறா!" இலாரியோன் எழுந்துவிட்டான். "நேத்து நடந்ததைக் கண்ணால பார்த்தாச்சு, அது முன்னாடி இருக்கு. நாளைக்கு நடக்கப்போறதை யாரு பார்த்தா? அது முதுகுக்குப் பின்னாடிதானே? எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் காட்டுவோம்!"

டாக்டரம்மா எழுதினார்: 'பரம்பரை.'

"என்னம்மா எழுதுனீங்க?" மேசையில் ஓங்கி ஒரு அடி. உருளைக்கிழங்கு பறந்து லாமாவின் மேல் விழுந்தது.

'வீட்டில் வன்முறை.'

பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினான்.

'குழந்தைக்காக ஒரு வார்த்தை பேசாத தகப்பன்.'

மொத்தம் இரண்டு மார்க். தயார்செய்யாமலே வந்திருந்தால் நாலு.

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். காது மடல் கொதித்தது. ஒரு கிழங்கையும் இன்னொரு கிழங்கையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவர், பிள்ளைகளைப் பிரித்துவிட்டார். கையில் காகிதம் இருந்தால் போதும் போலிருக்கிறது.

முற்றத்தில் காவலாளி எயுலோகியாம்மா முக்காலிமேல் ஏறி, ஒன்றாம் வகுப்புக் கதவிலிருந்த பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்னை இனிமே இந்த ரூமுக்குள்ள விட மாட்டாங்களா?" என்றாள் நைதா.

இலாரியோன் முக்காலியை அண்ணாந்து பார்த்தான். "ஏம்மா, சிறப்பு வகுப்பு ஸ்டோர் ரூம் எந்தப் பக்கம்? இவ பையை வைக்கணும்."

"ஸ்டோர் ரூமா? இதோ இங்கயே வைங்க தம்பி" என்றார் எயுலோகியாம்மா, புதுப் பலகையை அதே ஆணியில் மாட்டியபடி. "முப்பத்திரண்டுல முப்பத்தோரு பிள்ளைங்க தேறலையாம், அத்தனை பேருக்கு அங்க இடம் ஏது? அதான் தேறின ஒரே பையனை, அந்த டாக்டரம்மா மகனை, ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிட்டாங்க."