நாற்பது தூக்கிய முன்சக்கரம்

இந்த விடுமுறை முடிவதற்குள் மனைவியின் பண்ணை வண்டியில் முன்சக்கரத்தை ஒரு தடவையாவது அந்தரத்தில் தூக்கிக் காட்டியே தீருவது என்று நாற்பது முடிவு கட்டினார்.

நாற்பது என்பது அவர் வயதில்லை, வேகம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நாற்பதைத் தாண்டி முள் நகராதபடி அந்த பஸ்ஸில் ஒரு பூட்டு மாட்டியிருக்கிறார்கள். பதினோரு வருஷம் அப்படி ஓட்டியதில் மனிதர் நடப்பது, பல் தேய்ப்பது, கோபப்படுவது எல்லாமே அந்த வேகத்துக்கு வந்துவிட்டது. தெருவே அவரை நாற்பது என்றுதான் கூப்பிடும். மனைவி மட்டும் "என்னங்க" என்பாள். அந்த "என்னங்க"வில் பல வகை உண்டு. எதற்கு நிற்க வேண்டும், எதற்கு ஓட வேண்டும் என்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் மனைவி நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் குழித்தட்டில் முளைத்து நிற்கும். தட்டுகளைப் பந்தலிலிருந்து ரோட்டோரம் வரை கொண்டுபோக ஒரு நாலு சக்கர பைக் வைத்திருந்தாள். குண்டு டயர், நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுப்பு, பின்னால் ஒரு சின்ன டிரெய்லர். ஸ்கூட்டர் மாதிரி கியர் மாற்றும் வேலையே இல்லை, முறுக்கினால் போகும்.

அந்த வண்டிக்கு வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. யார் கையில் வண்டி கெடுகிறதோ, அது சரியாகும் வரை அவர்தான் தள்ளுவண்டியில் தட்டு சுமக்க வேண்டும். போன வருஷம் மனைவி ஹெட்லைட்டை உடைத்தபோது நாற்பதே போட்ட சட்டம் இது.

விடுமுறையில் மனைவி தினமும் பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு உரக்கடைக்குப் போவாள். அவள் தலை மறைந்ததும் நாற்பது டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியைப் பின்பக்கக் காலி மனைக்குக் கொண்டுபோவார். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். பிரேக்கை இறுக்கிப் பிடித்து, முழுசாக முறுக்கி, சட்டென்று பிரேக்கை விட்டுப் பின்னால் சாய வேண்டும். முதல் நாள் சக்கரம் ஒரு செங்கல் உயரம் எழும்பியது. இரண்டாம் நாள் ஒரு பக்கெட் உயரம். மூன்றாம் நாள் மதில் உயரத்துக்கு எழும்பி, "பார்த்தீங்களா மச்சான்" என்று அவர் திரும்புவதற்குள் தொப்பென்று விழுந்தது. உள்ளே ஏதோ டப் டப் என்று அடித்தது. ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. இன்ஜின் உறுமியது, சக்கரம் மட்டும் எனக்கென்ன என்று நின்றது.

தள்ளுவண்டி கண்முன் வந்தது. நாற்பது வேகமாக யோசித்தார், அதாவது அவருக்கு வேகமாக. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மேட்டுப் பாதையில் நிறுத்தினார். டிரெய்லரைக் கோத்து அதில் ஐம்பது தட்டை அடுக்கினார். மனைவி வந்ததும், உனக்கு உதவி பண்ணலாமே என்று நீ வழக்கமாக ஏற்றுகிற அதே பாரத்தை ஏற்றினேன், பாதி மேட்டிலேயே படுத்துவிட்டது, எத்தனை மாதமாக இப்படி அளவில்லாமல் ஏற்றுகிறாயோ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

மனைவி குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். ஸ்பானரை எடுத்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். கரித்தூளாகக் கொட்டியது. உள்ளே இன்ஜினையும் சக்கரத்தையும் இணைக்கிற ரப்பர் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியை மூடினாள்.

"ஆமாங்க. நான்தான் அதிகமா ஏத்திட்டேன். என் தப்புதான்" என்றாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. அப்போதே பயந்திருக்க வேண்டும். அவரோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவி தள்ளுவண்டி தள்ளுவதைப் பார்த்தபடி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டால் லேசாகப் போகும் என்று யோசனை வேறு சொன்னார்.

மறுநாள் காலை தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே மனைவி ஒரு சேதி சொன்னாள். பாரம் தாங்காத வண்டி பண்ணைக்கு எதற்கு. அக்கா வீட்டுக்காரர் பதினோரு மணிக்கு வந்து இதை எடுத்துக்கொண்டு, அவரிடம் சும்மா நிற்கிற மூன்று சக்கர லோடு வண்டியைக் கொடுக்கப் போகிறார்.

"சகலையா?" என்றார் நாற்பது. "அவருக்கு எதுக்கு இது?"

"பாரம் ஏத்த இல்லையாம். சும்மா ஜாலியா ஓட்டிப் பார்க்கணுமாம்."

சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் சகலை பேசுவார், எல்லோரும் கேட்பார்கள். நாற்பது பாய் விரிப்பார். இனி சகலை இந்த வண்டியிலேயே வந்து, கூடியிருக்கிற கூட்டத்துக்கு நடுவில் முன்சக்கரத்தைத் தூக்குவார். அத்தனை பேரும் கை தட்டுவார்கள்.

பாரத்தைக் குறைத்து ஏற்றினால் போதுமே என்று கெஞ்சிப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் நானூறு தட்டு ரோட்டுக்குப் போக வேண்டும், குறைத்து ஏற்றினால் நடக்கிற காரியமா என்றாள். வண்டி பழசு என்று சொல்லிப் பார்த்தார். அதனால்தான் தள்ளிவிடுகிறேன் என்றாள். பத்தே கால் ஆனது. பத்தரை ஆனது. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"பாரத்தால கெடலை. நான்தான் கெடுத்தேன். முன்சக்கரத்தைத் தூக்கி வீலி அடிச்சேன்."

மனைவி சிரித்தாள். "நீங்களா? விளையாடாதீங்க. இந்த வண்டி மூணு ஆள் கனம். இதெல்லாம் முன்னாடி தூக்காது."

"தூக்கிச்சு."

"சகலைக்குக் கொடுக்க மனசில்லாம சொல்றீங்க. பஸ்ல ஒரு பள்ளம் வந்தாலே இறங்கிப் பார்க்கிற ஆளு நீங்க."

அதற்குமேல் நாற்பதால் பொறுக்க முடியவில்லை. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு மூடியைக் கழற்றினார். பெல்ட்டை உருவி அவள் கண்முன் நீட்டினார்.

"இதைப் பாரு. பாரம் இழுத்துக் கெட்டிருந்தா பெல்ட் சுத்திவர ஒரே மாதிரி வழவழன்னு மினுங்கும். இது ஒரே இடத்துல கருகி மெலிஞ்சிருக்கு. ஏன்? பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு முறுக்கினா இன்ஜின் பக்கத்துப் புல்லி சுத்தும், பெல்ட் நகராது. நின்ன இடத்துலயே தேய்ஞ்சு வெந்துபோகும். அந்த மெலிஞ்ச இடம் சுத்தி வரும்போதெல்லாம்தான் டப் டப்னு அடிக்கும். இந்த கிளட்ச் கிண்ணத்தைப் பாரு, சூட்டுல நீலம் பாய்ஞ்சிருக்கு. பாரம் இழுத்தா இப்படி ஆகுமா?"

"ஆகுமோ என்னவோ, எனக்கென்னங்க தெரியும்?" என்றாள்.

நாற்பது கியர் ஆயில் திருகைத் திறந்து, இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு வெயிலில் காட்டினார். எண்ணெயில் வெள்ளித் தூள் மினுமினுத்தது. சக்கரம் அந்தரத்தில் சுழன்றுகொண்டே தரையில் விழும்போது அந்த அடி நேராகக் கியர் பல்லுக்குப் போகிறது, ஒவ்வொரு தடவை விழும்போதும் பல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது, இந்தத் தூள் அதுதான் என்று வகுப்பு எடுத்தார். தனக்கு எதிராக இவ்வளவு அழகாகச் சாட்சி சொன்னவர் வேறு யாரும் இருக்க முடியாது.

மனைவி இன்னும் நம்பாத முகத்தோடு தலையை ஆட்டினாள். உடனே நாற்பது மதில் பக்கம் திரும்பி ஃபிரிட்ஜ்காரரைக் கூப்பிட்டார்.

"மச்சான், நான் வீலி அடிச்சேனா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"அடிச்சீங்க மாப்ளே. முதல் நாள் எத்தனைன்னு தெரியாது. தங்கச்சி ரெண்டாம் நாள்லேருந்துதான் எண்ணச் சொல்லுச்சு. அதுலேருந்து பதினேழு."

நாற்பது உள்ளங்கை எண்ணெயோடு அப்படியே நின்றார். மனைவி ஒரு பழைய துணியை எடுத்து நீட்டினாள். முதல் நாள் சாயங்காலமே வண்டியில் ரப்பர் கருகின நாற்றம் மூக்கில் ஏறியது என்றாள். தள்ளுவண்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவ்வளவுதான்.

முதல் நடைக்கு முப்பது தட்டு அடுக்கினார். மேட்டில் மூச்சு வாங்கியது. பாதியில் ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தார்.

"சகலைக்கு வர வேண்டாம்னு போன் பண்ணிடு."

"அவர் முந்தாநாளே உரக்கடைக்கு வந்துட்டுப் போயிட்டாருங்க. புது பெல்ட் வாங்கிட்டு வரச் சொல்லியிருந்தேன், கொடுத்துட்டுப் போனாரு."

நாற்பது தள்ளுவண்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப இப்பவே மாட்டிடலாமே. அரைமணி நேர வேலைதானே?"

"அரைமணி நேரம்தாங்க" என்றாள் மனைவி, குழந்தையைத் தட்டிக்கொண்டே. "எனக்குத்தான் திங்கட்கிழமை வரைக்கும் நேரமில்லை."