கேரவன் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்ட வகையில்

கடலோர கேரவன் பார்க்,
ஸ்ட்ரீக்கி பே,
தெற்கு ஆஸ்திரேலியா.
செவ்வாய்க்கிழமை, சாப்பாடு இல்லாத மத்தியானம்.

மரியாதைக்குரிய மைத்துனர் டெஸ்மண்ட் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கிளெனிஸின் கணவன் நெவில் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் பெரில் அக்காவும் டூவூம்பாவில் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன, உங்கள் வீட்டுக் கதவுகள் செங்கல் சுவரில் அல்லவா மாட்டியிருக்கின்றன. எங்கள் சௌக்கியத்தைப் பற்றி வழக்கமாக இந்த இடத்தில் எழுத வேண்டியதை இந்த முறை எழுதவில்லை. முழுவதையும் படித்துவிட்டுத் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துகொள்ளலாம்.

தாங்கள் பஸ் ஓட்டிப் பழகிய கை என்று நம்பி எங்களுக்கு மனமுவந்து கொடுத்த கேரவனின் கதவு கிறீச்சிட ஆரம்பித்தது போர்ட் அகஸ்டாவைத் தாண்டிய பிறகு. இங்கே வந்து சேர்ந்தபோது அது கிறீச்சாக இல்லை, யாரோ பூனையின் வாலை மிதித்துக்கொண்டே இருப்பது போல இருந்தது. பக்கத்து இடத்தில் லெஸ் என்று ஒருவர், ஆட்டு ரோமம் கத்தரித்து ஓய்ந்தவர், டிங்கர் என்ற நாயோடு இருக்கிறார். எங்களில் யாராவது வாசலில் கால் வைத்தால் டிங்கர் வானத்தைப் பார்த்து ஊளையிடும். அது ஊளையிட்டால் பார்க்கில் உள்ள எல்லா நாய்களும் ஊளையிடும். கிளெனிஸ் இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நெவில், இந்தக் கதவு வாயை மூடற வரைக்கும் இந்த வண்டி இங்கேருந்து ஒரு அடி நகரக் கூடாது. இந்தச் சத்தத்தோட பாலைவனத்தைத் தாண்ட என்னால ஆகாது." ஸ்கூல் பஸ் ஓட்டிய காலமெல்லாம் நான் நல்லார்பார் பாலைவனச் சாலையையும் அதன் மறுகோடியில் உள்ள மேற்குக் கடலையும் நினைத்துக்கொண்டேதான் ஜீலாங் குழந்தைகளின் கூச்சலைப் பொறுத்துக்கொண்டேன் என்பது தங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் வீட்டையே விற்றோம். அந்தச் சாலைக்கும் எனக்கும் நடுவில் இப்போது இரண்டு கீல்கள்.

தங்களுக்குத்தான் முதலில் ஃபோன் செய்தேன். "ஒரு சொட்டு எண்ணெய் விடு நெவில், இதுக்குப் போயா ஃபோன் பண்றே?" என்றீர்கள். எந்த எண்ணெய் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அடுப்படியில் இருந்தது சமையல் எண்ணெய், அதை விட்டேன், ஒரு சொட்டுக்குப் பதிலாக ஒரு கரண்டியாகவே விட்டேன், பெரியவர் சொல்லைக் குறைவாகச் செய்வானேன் என்று. அன்று சாயங்காலம் வடக்கேயிருந்து காற்று கிளம்பி, பாலைவனத்துச் செம்மண்ணில் பாதியைக் கொண்டுவந்து கீலில் அப்பியது. மறுநாள் காலை கீலில் இருந்தது எண்ணெய் அல்ல, செங்கல் சூளையில் பிசைந்து வைத்த சேறு. அந்த எண்ணெய் வாசத்தைப் பிடித்துக்கொண்டு எறும்புகள் ஏறி வந்து, கீலைத் தாண்டி, மெத்தையைத் தாண்டி, கிளெனிஸின் பிஸ்கட் டப்பாவில் குடியேறின. கிறீச் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

லெஸ் வந்து பார்த்து உச்சுக்கொட்டினார். "அடப்பாவி, கீலைத் தாளிச்சு வச்சிருக்கியே! நல்லாத் தொடச்சு எடு. தொடச்சிட்டு இதை அடி" என்று துருவெடுக்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்றைக் கொடுத்தார். அதன் மூக்கில் ஒரு சிவப்புக் குழாய் இருந்தது. நான் அமுக்கினேன், குழாய் பறந்துபோனது, மருந்து கீலைத் தவிர எல்லாத் திசையிலும் போனது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவில்லை, மச்சான், ஒப்புக்கொள்கிறேன். காற்றடித்த பக்கத்தில், ரொட்டித்தூளில் புரட்டிய வைட்டிங் மீனைத் தட்டு நிறைய அடுக்கி வைத்துக்கொண்டு கிளெனிஸ் நின்றிருந்தாள். அன்று லெஸ்ஸையும், கிளெனிஸுக்குப் பந்து உருட்டும் கிளப்பில் புதிதாகச் சிநேகமான மெர்ல் என்ற பெண்மணியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மெர்ல் ஒரு துண்டு தின்றுவிட்டு மரியாதையாக, "எங்க வீட்டுக்காரர் மெக்கானிக்கா இருந்தார், அவர் ஞாபகம் வருது" என்றாள். லெஸ் தன் துண்டைக் கீழே நீட்டினார். டிங்கர்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்து இரும்புச் சாமான் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். மண் பறக்கிற ஊரில் ஈரமாக எதையும் விடக் கூடாதாம், உலர்ந்த தூள்தான் சரியாம். பென்சிலுக்குள் இருக்கிற கரி மாதிரி ஒன்றைக் குப்பியில் கொடுத்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தூள் கீலுக்குள் போனது, தரையில் நின்று தள்ளிப் பார்த்தேன், கதவு வெண்ணெயில் கத்தி மாதிரி திரும்பியது. கையைக் கழுவ வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை கிளெனிஸுக்கு ஆட்டம். தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி, வெள்ளைத் தொப்பி வைத்து, பார்க் குளியலறையிலிருந்து கிளம்பி வந்தவளை நான் ஆசையாக இடுப்புக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டி, "ஜெயிச்சிட்டு வா பொண்ணே" என்று அனுப்பினேன். அவள் ஜெயித்தாள். பந்தை உருட்டக் குனிந்தபோதெல்லாம் ஸ்ட்ரீக்கி பே ஊரே என் வலது கையின் ஐந்து விரலையும் ரேகை உட்படப் பார்த்தது. திரும்பி வந்து பாவாடையைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கோ" என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளே ஏறினாள். கிறீச்! டிங்கர் ஊளையிட்டது. மச்சான், அந்த நிமிஷம் நான் அழுதுவிட்டேன் என்பதைப் பெரில் அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

இதற்கு மேல் ஒரே வழிதான் என்று இன்று காலை கீல்களின் ஊசியை உருவிக் கதவையே கழற்றினேன். கழற்றி, கடல் காற்றில் படிந்த உப்பையெல்லாம் சுரண்டி, உள்ளுக்குள் கிரீஸ் தடவி மாட்டிவிடலாம் என்பது திட்டம். திட்டத்தில் பிழை கிடையாது. கதவை வண்டியில் சாய்த்துவிட்டு கிரீஸ் டப்பாவை எடுக்கக் குனிந்தேன், தெற்கேயிருந்து ஒரு காற்று வந்தது, நான் நிமிர்ந்தபோது கதவு லெஸ்ஸின் பந்தலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தகரக் கதவு இவ்வளவு லேசு என்று எனக்குத் தெரியாது. புல்வெளியில் ஒருமுறை விழுந்து எழுந்து, மணலில் உருண்டு, படகுத்துறைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கி மிதக்க ஆரம்பித்தது. பின்னாலேயே ஓடினேன். மீன் பிடித்துவிட்டுத் திரும்பிய படகு ஒன்று அதன் மேல் ஏறியது. படகுக்காரர் இரண்டு துண்டையும் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்து, "ஒங்க கதவா?" என்று கேட்டார். "ஆமா, எங்களதுதான்" என்றேன். "சத்தமே போடாம வந்துச்சுய்யா, நான் கவனிக்கல" என்றார்.

திரும்பி வந்தால், கதவில்லாத வீட்டுக்குள் கூழைக்கடா ஒன்று புகுந்து, ஊறவைத்திருந்த மீனையெல்லாம் முடித்துவிட்டுக் கட்டிலில் நின்றுகொண்டிருந்தது. நான் துடைப்பத்தை எடுக்க, அது இறக்கையை விரிக்க, டிங்கர் குரைக்க, கிளெனிஸின் கண்ணாடிச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி நொறுங்கின. அந்தச் சமயம் பார்த்து மெர்லுடைய கார் வந்து நின்றது. கிளெனிஸ் இறங்கி, கதவு இருந்த இடத்தைப் பார்த்தாள், பறவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி காரில் ஏறிப் போய்விட்டாள். இப்போதுதான் லெஸ் வந்து மெதுவாகச் சொல்கிறார்: "நெவில், மனசைத் திடப்படுத்திக்கோ. உன் சம்சாரம் பஸ் ஆபீஸ்ல நிக்கறா. அடிலெய்டுக்கு எப்ப பஸ்னு கேட்டுக்கிட்டிருக்கா."

இதற்குத்தான் வீட்டை விற்றேனா? இந்த வயதில் கிளெனிஸ் இல்லாமல் மேற்குக் கடலை நான் மட்டும் பார்த்து என்ன செய்ய? ஆகவே தாங்கள் தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, தங்கள் கேரவனைத் தாங்களே இழுத்துக்கொண்டு போய்விடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என்னையும் வழியில் ஏதாவது ஒரு ஊரில், காற்றில்லாத ஊராகப் பார்த்து, இறக்கிவிடலாம்.

பெரில் அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் கதவில் விரல் நசுங்காமல் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கதவற்ற
நெவில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கிளெனிஸ் நடந்து வந்தாள். நான் பந்தலடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் பாட்டுக்கு வந்து, உள்ளே போகப் படியில் கால் வைத்தாள்.

கிறீச்.

கதவு இல்லை, மச்சான். கீலும் என் மடியில் இருக்கிறது. மடக்குப் படி! உள்ளே போகிற யாரும் அந்தப் படியில் கால் வைத்துத்தானே போக வேண்டியிருக்கிறது! நான் கிளெனிஸைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாளே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ சரி பண்ணிடுவ. சரி பண்ணா கிளம்பணும்." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள், அது இன்னொரு தடவை கத்தியது. "எனக்குப் பாலைவனமும் வேணாம், மேற்குக் கடலும் வேணாம் நெவில். நீ அவ்ளோ ஆசையா மேப்பை விரிக்கறப்ப எப்படிச் சொல்ல? இங்க எனக்கு நாலு பேர் கிடைச்சிருக்காங்க. டீம்ல எடுத்திருக்காங்க, அடிலெய்டுல போட்டி. அதுக்குத்தான் பஸ் கேக்கப் போனேன்."

"காலைல ஒண்ணுமே பேசாமப் போனியே?"

"வாயத் தொறந்திருந்தா சிரிச்சிருப்பேன். மெர்ல் சிரிச்ச சிரிப்புல வண்டி ஓட்ட முடியாம ஓரமா நிறுத்திட்டா."

எனக்குக் கோபம் வர வேண்டும்; தேடிப் பார்த்தேன், வரவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சாலையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் பக்கத்தில் படியில் இடம் இருந்தது, போய் உட்கார்ந்தேன்.

ஆகவே வண்டியை எடுத்துப்போக வர வேண்டாம். அடிலெய்டில் ஆட்டம் பார்க்க வருவதானால் அவசியம் வாருங்கள். வரும்போது ஒரு கதவு கொண்டுவாருங்கள். எந்தக் கதவானாலும் சரி, எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை, ராத்திரியில் குளிரும்.