காலை பத்து மணிக்கு ‘குட் நைட்’ சொன்னவர்

போன வருஷம் ஆடி பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாலு நிமிடம். வெயில் இல்லை. கணவாய்க் காற்று தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில், என் மாப்பிள்ளையின் பனியன் கம்பெனிக்குள் மெக்சிகோ நுழைந்து, எல்லோருக்கும் பொதுவாக, "குட் நைட்டுங்க" என்றார்.

திருப்பூரில் மட்டுமில்லை, இந்த உலகத்திலேயே மெக்சிகோவைப் பற்றி மெக்சிகோக்காரர்களைவிட அதிகமாகக் கவலைப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவர் மெக்சிகோதான். அந்த நாட்டுக்கு டி-சர்ட் ஆர்டர் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட். பல்லடத்துக்காரர், ஐம்பது வயது, மெக்சிகோவுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் கைக்கடிகாரத்தில் அந்த ஊர் நேரம்தான் ஓடும். நமக்குக் காலை பத்து என்றால் அவருக்கு முந்தின நாள் இரவு பத்தரை. ஒரு கல்யாணத்துக்குப் பதினொன்றரை மணி நேரம் தாமதமாகப் போய், பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு வந்தவர்.

அந்த நாட்டில் முதன்முறையாக ஒரு பெண் ஜனாதிபதி ஆனபோது பேக்கரியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

"நம்மாளு ஜெயிச்சுட்டாங்க!"

"எந்த வார்டுங்க?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

நீதிபதிகளையே ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற தேர்தல் அங்கே வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பங்காளியோடு கிணற்று வழக்கு ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். "இங்கயும் அப்படி வந்துச்சுன்னா, எங்க ஊட்டு ஓட்டு மட்டும் பதினாலுங்க" என்றார்.

"பங்காளி ஊட்டுலங்க?" என்றேன்.

"இருபத்திரெண்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். அன்று மாலையிலிருந்து அந்தச் சட்டத்தைக் கண்டிக்க ஆரம்பித்தார்.

இதையெல்லாம் நான் ரசித்தேன் என்று நினைக்க வேண்டாம். வயிறு எரிந்தது. நான் முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கம்பெனியில் காலை டீ நேரத்தில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் பெண்கள் ஒன்பது பேருக்கும் பேப்பர் படித்துக் காட்டுவது என் வேலை. யாரும் கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. தங்கம் விலை, மழை, விபத்து என்று மூன்று வருஷம் படித்தேன். ஒருத்தியும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மெக்சிகோ வந்தார், ஒரே வாரத்தில் ஒன்பது முகமும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

கருக்கலைப்பு குற்றமில்லை என்று அந்த ஊர்ப் பெரிய கோர்ட்டு சொல்லிவிட்டது என்றார். ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொண்டால் எல்லா மாநிலத்திலும் பதிவு செய்கிறார்கள் என்றார். டெய்லர்கள் சிரித்தார்கள். பெண்கள் சிரிக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த வள்ளியம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, அங்க ஆஸ்பத்திரில புருசன் கையெழுத்து கேக்க மாட்டாவளா?"

"கேக்க மாட்டாங்க அம்மிணி."

அடுத்த வாரம் வந்து, கருக்கலைப்பு குற்றம்தான் என்றார்.

"போன வாரம் குத்தமில்லன்னு சொன்னிய?"

"அது வேற மாநிலமுங்க. இந்த மாநிலத்துல இன்னும் மாத்தலீங்க."

அதற்கப்புறம் பெண்கள் மாநிலம் மாநிலமாக விசாரிக்க ஆரம்பித்தார்கள், சொந்தக்காரர் ஊரில் மழை பெய்ததா என்று கேட்கிற அக்கறையோடு. நான் படித்த தங்கம் விலையை நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி அந்த ஆடிச் செவ்வாய்க்கு வருகிறேன். குட் நைட் சொன்ன கையோடு மெக்சிகோ அறிவித்தார்: "நின்னுட்டே வேலை செய்யறவங்களுக்குச் சாய்மானம் வெச்ச நாற்காலி குடுத்தே ஆகோணும். மெக்சிகோவுல சட்டம் வந்துருச்சுங்க!"

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அரசாங்கம் ஒன்றைச் சொன்னால் "பாக்கலாமுங்க" என்போம். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் சொன்னால் அன்றைக்கே செய்வோம். மணல் வாளிக்குச் சிவப்பு பெயின்ட் முதல் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வரை பையர் சொல்லி வந்தவைதான். இதையும் பையர் உத்தரவு என்றே பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வள்ளியம்மாளுக்கு அது வெறும் நாற்காலி இல்லை. காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை, ஒன்றரை ஷிப்ட், மேஜை முன்னால் நின்று நின்று கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. தீபாவளி போனஸோடு கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போவதாக முந்தின சனிக்கிழமைதான் சொல்லியிருந்தாள். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். அம்மா நின்றால் மகள் படிப்பும் நின்றுபோகும்.

"நெசமாவா அண்ணாச்சி? சாஞ்சுக்கிடலாமா?" என்றவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க படிச்சவுக. இது நெசந்தானா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அதுவும் அவர் சொன்னதைப் பற்றி!

அந்த நாட்டுச் சட்டம் நெருப்பெரிச்சலில் செல்லாது என்று ஒரே வரியில் சொல்லி அவரைக் கவிழ்த்திருக்கலாம். வாசலில் நின்ற மாப்பிள்ளை அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் நாற்காலியைக் கொண்டுவந்தவர் அவர், பிடுங்கியவன் நான் என்றல்லவா ஆகிவிடும்? அதை எப்படிப் பொறுப்பது?

"என்னங்க பெரிய மெக்சிகோ!" என்று கத்தினேன். "கடையில நிக்கற பொண்ணுங்களுக்கு நாற்காலி போடோணும்னு நம்ம தமிழ்நாட்டுல அவங்களுக்கு முன்னாடியே சட்டம் போட்டாச்சு!"

ஒன்பது முகமும் என் பக்கம் திரும்பின. அந்தச் சுகம் பத்து வினாடி நீடித்தது.

"மாமா, அது கடைக்குத்தானுங்க. கம்பெனிக்கு இல்லீங்க" என்றார் மாப்பிள்ளை.

"கடையில வலிக்கற காலு கம்பெனியில வலிக்காதுங்களா?"

"செரிங்க மாமா, யாருங்க வாங்கறது?"

மெக்சிகோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பின்வாங்க முடியுமா?

"நாந்தான்!"

மெக்சிகோ ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அய்யா, நீங்க அங்க பொறந்திருக்கோணுமுங்க!" அவர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தீபாவளி வந்தது, போனது. வள்ளியம்மாள் போகவில்லை.

மார்கழியில் மெக்சிகோ அரசாங்கம் நம் நாட்டுத் துணிக்கு வரியை ஏற்றியது. ஆர்டர் நின்றது. "உங்க ஆளுங்க உங்களையே கவுத்துட்டாங்களே" என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"அவங்க ஊரு சனம் பொழைக்கோணுமில்லீங்க, அய்யா" என்று அதற்கும் பரிந்து பேசிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை. சூரத் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

இப்போது ஒன்பது பேரும் எனக்கே எனக்கு. பேப்பரை விரித்தால், சாய்ந்து உட்கார்ந்தபடி வள்ளியம்மாள் கேட்கிறாள்: "ஐயா, மெக்சிகோவுல என்ன சேதி?" அதற்காகவே இரண்டு பேப்பர் அதிகமாக வாங்கித் தேடுகிறேன்.

நாற்காலி ஒன்று ஆயிரத்து நானூறு ரூபாய். பெண்கள் ஒன்பது பேர். அந்த மனிதர் எங்கள் கம்பெனியில் எப்போதும் கதவோரம் நின்றுகொண்டேதான் பேசினார் என்பது போன வாரம்தான் எனக்கு உறைத்தது. இன்னொன்று வாங்கி அங்கே போட்டிருக்கிறேன். யாரையும் அதில் உட்கார விடுவதில்லை. ஆக மொத்தம் பதினாலாயிரம்.